பூனையின் காலடியிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: எலிகள், பாறைச் சிற்பம், தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் பின்புறம், மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: இந்திய நாடாளுமன்றம், புது தில்லி.

பொருள்: பெண்ணுரிமைச் சட்டங்களின் கடைசி வரி – சீர்செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: செங்கல்பட்டு மாகாண சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானங்கள், பிப்ரவரி 1929.



மனுதாரர்கள் பல்லவர் காலம் முதல் ஒரே முகவரியில் குடியிருப்பவர்கள். எதிரே ஒரு பூனை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தவமிருக்கிறது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் கதைதான். பூனை திருந்திவிட்டதென்று நம்பி அடைக்கலம் புகுந்த எலிகள் நாளுக்கு நாள் குறைந்தன, தவசி மட்டும் பெருத்துக்கொண்டே போனார். அதிலிருந்து, யாராவது நல்ல வார்த்தை பேசினால் முதலில் அவர் வயிற்றைப் பார்ப்பது மனுதாரர்களின் வழக்கம்.

சுற்றுலாப் பயணி ஒருவர் விட்டுப்போன ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ (1945) அண்மையில் அவர்கள் கைக்குக் கிடைத்தது. எஜமானனை விரட்டிவிட்ட மிருகங்கள் களஞ்சியச் சுவரில் ஏழு கட்டளைகள் எழுதுகின்றன. அதிகாரத்துக்கு வந்த பன்றிகள் அவற்றை உடனே அழித்துவிடுவதில்லை. இரவில் ஏணி போட்டு ஏறி, கடைசியில் ஓரிரு சொல் சேர்க்கின்றன. படுக்கையில் தூங்கக் கூடாது என்றிருந்தது, விரிப்புப் போட்ட படுக்கைக்கு மட்டும் தடை என்றாகிறது. முட்டையைப் பறிகொடுக்க மறுத்து உத்தரத்தில் ஏறிய கோழிகளுக்குத் தீவனம் நிறுத்தப்படுகிறது. ஐந்து நாளில் ஒன்பது கோழிகள் செத்த பிறகு போராட்டம் முடிகிறது.

அந்த நாவலுக்குப் பதினாறு ஆண்டு முன்பே செங்கல்பட்டில் ஒரு பந்தல் போட்டார்கள். 1929 பிப்ரவரியில் சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்றது. பெண்ணின் மண வயது பதினாறுக்குக் குறையக் கூடாது, ஒத்துவராத மணத்திலிருந்து விலகவும் உரிமை வேண்டும் என்றது. எந்தத் தீர்மானத்துக்கும் வால் இல்லை. அதே ஆண்டு தில்லி நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயது போதும் என்றது. வழியிலேயே இரண்டு வயது தேய்ந்துவிட்டது.

சொத்துத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டு ஆயிற்று. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமானவளுக்கு அது பொருந்தாது. தை மாதம் தாலி கட்டிக்கொண்ட அக்காவுக்கு இல்லை, சித்திரையில் கட்டிக்கொண்ட தங்கைக்கு உண்டு. அண்ணனின் கல்யாணப் பத்திரிகையை யாரும் கேட்கவில்லை. நாடாளுமன்றம் 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகளுக்குப் பங்கு தந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. மகனுக்குப் பிறந்தால் போதும். மகளுக்கோ, அப்பாவும் குறித்த நாள்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்! 2020 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் இதை மாற்றும்வரை ஏறத்தாழ ஐந்து ஆண்டு இதுதான் நாட்டின் சட்டம்.

சட்டம் ஒழுங்காக இருந்தாலும் ஏணி போடுபவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சவுக்குத் தோப்புகள் மனைகளாகி விலை ஏறியதும், பல காலம் நினைவுக்கு வராத தங்கைகள் அண்ணன்களுக்கு நினைவுக்கு வருகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். “தாய்வீட்டு வாசப்படி மிதிக்கணுமா வேணாமா? கையெழுத்தப் போடும்மா.” பங்கு கேட்டவளுக்குப் பொங்கல் சீர் நின்றுபோகும். கோழிகளுக்குத் தீவனம் நின்றதும் இப்படித்தான்.

நாடாளுமன்றத்தின் சொந்தக் கணக்குக்கு வருவோம். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதலில் வந்தது 1996 செப்டம்பரில். 1998இல் அவைக்குள்ளேயே அதன் நகலைக் கிழித்தார்கள். 2010இல் மாநிலங்களவை நிறைவேற்றியும் மக்களவைக்கு மனம் வரவில்லை. 2023 செப்டம்பரில் மக்களவை 454க்கு 2 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது, மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. கைகள் எல்லாம் தலைக்கு மேல்! சட்டத்தின் வாலோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன் பிறகு தொகுதி மறுவரையறை, அதற்கும் பிறகே ஒதுக்கீடு என்று நீண்டது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் வென்ற 543 பேரில் 74 பேர் பெண்கள்.

கணக்கெடுக்காமல் ஒதுக்க முடியாதா என்றால், 2021 அக்டோபரில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த ஊராட்சித் தேர்தலைப் பார்க்கலாம். அந்த ஆண்டு எடுக்க வேண்டிய கணக்கெடுப்பே நடக்கவில்லை. தேர்தல் நடந்தது, பாதி இடம் பெண்களுக்கென்று. (சில ஊர்களில் தலைவி நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொள்வது தனி மனுவுக்கான விஷயம்.)

2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கணக்கெடுப்பு கேட்கப்படவில்லை. மறுவரையறையும் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதலே, அதாவது இரண்டு ஆண்டு பின்னோக்கி, அது அமலுக்கு வந்தது. இனி பெண்களுக்காக எழுதப்படும் சட்டங்களின் கடைசி வரியை, அந்தச் சம்பள உயர்வு அறிவிக்கையை எழுதிய எழுத்தரிடமே ஒப்படைக்குமாறு மனுதாரர்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
எலிகள்