வராத பிழை

கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தார் உருவாக்கிய திறந்தமூல மொழி பாலரினா. 1.0 பதிப்பு 2019இல் வந்தது. பிழை விஷயத்தில் கறாரான பிள்ளை. ஒரு ஃபங்ஷன் பிழையைத் திருப்பித் தரக்கூடும் என்றால், அதைக் கண்டும் காணாதமாதிரி விட கம்பைலர் சம்மதிக்காது. அழைப்பின் முன்னால் 'செக்' என்ற சொல்லைப் போட்டால் பிழை, அழைத்தவரிடம் போகும். அவரும் 'செக்' போட்டால் அவருக்கும் மேலே போகும். மேலே அனுப்பிய கோப்பு பிறகு என்னவானது என்று கொட்டாஞ்சேனையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 'செக்பானிக்' போட்டாலோ நிரல் அந்த இடத்திலேயே விழுந்து படுத்துவிடும்.

வெள்ளவத்தையில் பிளேன்டீயும் மடிக்கணினியுமாக இரண்டு பேர் குந்தினால் கதை இப்படித்தான் போகும்.

"தம்பி, இதிலை ஏன் செக்பானிக்?"

"அந்தப் பிழை வரவே வராது அண்ணை."

"வராததுக்கு ஏன் பானிக் ஆகிறீர்?"

"செக் போட்டா ரிட்டர்ன் டைப்பிலை எரர் சேர்க்க வேணும். பிறகு அதைக் கூப்பிடுற எல்லா இடத்தையும் திருத்த வேணும்."

ஆக, 'வரவே வராது' என்ற கொள்கை சோம்பலின் பட்டப்பெயர். கூகிளின் கோ மொழிக்காரரும் 2018, 2019, 2024 என்று மூன்று தரம் பிழை கையாளும் தொடரியலைச் சுருக்கப் பார்த்தார்கள். ஒருமித்த கருத்து வரவில்லை. 2025 ஜூனில், இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று கையைக் கழுவினார்கள்.

வெள்ளவத்தைத் தம்பி இன்னும் கழுவவில்லை. "பிறகு திருத்தவும்" என்று ஒரு குறிப்பு எழுதினார். அண்ணை உடனே அப்ரூவ் பண்ணினார்.