இளவேனில் வார இறுதியும் குச்சியின் தோற்றமும்: ஒரு திணையியல் ஆய்வு

தமிழ் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுக்கும். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். தென்றல், குயில், மாந்தளிர் ஆகியவை அப்பொழுதுக்கு உரியவை என்பது புலவர் துணிபு. கத்திரி வெயிலும் இதே மாதங்களில்தான் அடிக்கிறது என்பது வேறு துறையினரின் கவலை.

இப்பொழுதில் ஒரு சனிக்கிழமை, ஐந்து வயதுக்கு உட்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு வெளியே செல்லுதல் எத்திணை என்பது முதல் வினா. வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. ஆகவே இது பாலை. எத்திணையிலும் அடங்காததைப் பாலையில் போட்டுவிட்டு அடுத்த கருத்தரங்குக்குக் கிளம்புவது ஆய்வுலகம் ஏற்ற நெறியும்கூட.

முதற்பொருளாகிய நிலம், வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, 1985இல் வண்டலூரில் புதிதாகத் திறக்கப்பட்டது. பரப்பு 602 ஹெக்டேர். இதில் முதல் இருபது அடியைக் குழந்தை நடந்து கடக்கும். எஞ்சிய பரப்பு தந்தையின் இடுப்பைச் சேர்ந்தது.

கருப்பொருள்களில் உணவு புளியோதரை, தட்டை, நீர்மோர். பறவை, தட்டையைக் கொத்திக்கொண்டு போகும் காகம். பறை அழுகை. தொழில் சுமத்தல். தெய்வம் ஐஸ் விற்பவர். விலங்கு மட்டும் சற்றுச் சிக்கலானது: நுழைவுச்சீட்டு வெள்ளைப் புலிக்காக வாங்கப்படுகிறது; பார்க்கப்படுவது அணிலும் கட்டெறும்பும். கூண்டுக்குள் இருப்பதையே விலங்கு என்று கொள்வது பெரியவர் வழக்கு. குனிந்தால் தெரிவதே விலங்கு என்பது சிறுவர் வழக்கு. இரண்டும் வழக்கே.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. குழந்தை தந்தையைப் பிரிய வழியில்லை, இடுப்பைவிட்டு இறங்கினால்தானே. பிரிவது செருப்பு. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுபோய்க் கூட்டி மாட்டு என்னும் முறையால் பொருள் கண்டவர். இடச் செருப்பு குரங்குக் கூண்டருகிலும் வலச் செருப்பு முதலைக் குளத்தருகிலும் கிடக்கும்போது அம்முறையின் பெருமை விளங்கும். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூட்டினார். தந்தையோ வெயிலில் நடந்து கூட்டுகிறார்.

இனிக் குச்சி. நுழைவாயிலைத் தாண்டியதும் குழந்தையின் கையில் ஒரு குச்சி தோன்றும். யாரும் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். குச்சிகள் மூவகைப்படும்: குறுங்குச்சி, நெடுங்குச்சி, அடுத்த பிள்ளையின் கைக்குச்சி. முன்னிரண்டும் வாளாகவும் தூண்டிலாகவும் யானையின் துதிக்கையாகவும் பயன்படும். சண்டைக்கு உரியது மூன்றாவதே. அதை இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி கொடுப்பது நீதிநூல் படித்தவர் செயல். ஒடித்தபின் அது அந்தக் குச்சியே அல்ல என்று இரு தரப்பும் ஒருமித்து அழும். இரு தரப்பும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது.

இவற்றையெல்லாம் விரித்துரைக்கும் குச்சியியல் என்றொரு நூல் இருந்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை, கிடைக்காமையே அதன் தொன்மைக்குச் சான்று. அதற்கு ஓர் உரை இருந்திருக்கும், அதுவும் இல்லை. அவ்வுரைக்கு எழுந்த மறுப்பின் அடிக்குறிப்பைக் கறையான் தின்றிருக்கும். தின்ற துளை நீண்டு மெலிந்து ஒருபுறம் வளைந்திருக்குமாயின், ஏட்டில் இருந்தது குச்சியின் படமே என்பதில் ஐயமில்லை. இத்துணை வலுவான அடித்தளம் இல்லாமலே முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேடுகள் நூலகங்களில் உள்ளன.

வீடு திரும்புகையில் காரின் பின்னிருக்கையில் குச்சி காணப்படும். தந்தை அதை இடைச்செருகல் என்று தீர்ப்பளித்து வெளியே வீச முனைவார். தம் கொள்கைக்கு ஒத்துவராத வரியையெல்லாம் இடைச்செருகல் என்று கழிக்கும் பதிப்பாசிரியர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: குச்சியைக் கழித்தால் அழுகை மூலபாடமாகிவிடும். வீடு வரை, சில வேளைகளில் விடியும் வரை, அதற்குப் பாடபேதமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி இயல் தேவையில்லை. சனிக்கிழமை போய் வந்தவர்கள் அன்று எங்கும் போவதில்லை.

திங்களன்று வீடு பெருக்கும்போது பாட்டி குச்சியைக் குப்பையோடு சேர்த்து வாரிவிடுவார். இழப்பு உடனே தெரிவதில்லை. மறுநாள் காலையில்தான் குழந்தை குச்சியைத் தேடும்; கிடைக்காதபோது, எடுத்த இடத்துக்கே போய் வேறொன்று எடுக்கலாம் என்னும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை.