தீமோனின் அத்திமரம்

மனித குலத்தை மொத்தமாக வெறுப்பதைக் குறிக்கும் 'மிசாந்த்ரோப்பி' என்னும் சொல், வெறுப்பு எனப் பொருள்படும் 'மிசோஸ்', மனிதர் எனப் பொருள்படும் 'ஆந்த்ரோப்போஸ்' ஆகிய இரு கிரேக்கச் சொற்கள் புணர்ந்து பிறந்தது. மனிதர் வாடையே ஆகாதவருக்கு வாய்த்த பெயரிலும் பாதிக்கு மேல் மனிதரே சம்மணமிட்டு அமர்ந்திருப்பது அவருடைய போதாத காலம். அதே பின்பாதி, அன்பைச் சுட்டும் சொல்லோடு சேர்ந்து 'பிலாந்த்ரோப்பி' என்னும் கொடையுள்ளமாகவும் ஆகிவிடுவதால், வெறுப்பவரும் வாரி வழங்குபவரும் அகராதியில் பங்காளிகளாகவே நிற்கின்றனர். பிளேட்டோவின் 'கிராடிலஸ்' உரையாடல் ஆந்த்ரோப்போஸ் என்பதற்குக் கண்டதை ஆராய்ந்து பார்ப்பவன் என்று வேர் கற்பிப்பதை மொழியியலார் ஏற்பதில்லை.

மனித வெறுப்பு என்னும் இந்நோயின் காரணத்தை, பிளேட்டோவின் இன்னோர் உரையாடலான 'பைடோ'வில் விளக்குபவர் சாக்ரடீஸ்: ஆளை எடைபோடத் தெரியாமல் ஒருவரை முழுதாக நம்பி, ஏமாந்து, மீண்டும் இன்னொருவரை நம்பி ஏமாறுபவர், இறுதியில் யாரிடமும் நல்லதே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ஊரார் கூடி விதித்த தீர்ப்பின்படி நஞ்சருந்தவிருந்த அன்றைக்கே, கி.மு. 399இல், அவர் இதைச் சொன்னதாக அமைந்திருப்பதுதான் வேடிக்கை.

இத்துறையின் மூலவர், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ்வாசியான தீமோன். பெரும்பாலும் எவரோடும் பழகாத அவர் ஒருநாள் மக்கள் மன்றத்தில் மேடையேறவும், அரங்கம் மூச்சடக்கிக் காத்திருக்க, தம் மனையில் ஓர் அத்திமரம் நிற்பதையும், அதில் ஏற்கெனவே பலர் தூக்கிட்டுக்கொண்டதையும், அங்கே வீடு கட்டவிருப்பதால் மரத்தை வெட்டப்போவதையும் தெரிவித்து, விருப்பமுள்ளோர் அதற்குள் வந்து காரியத்தை முடித்துக்கொள்ளலாம் என்று அறிவித்ததாகக் கிரேக்க வரலாற்றெழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கட்டட வேலைக்கு முன் அக்கம்பக்கத்தாருக்கு இத்தனை முறையாகத் தகவல் சொல்பவர், மனிதரை விரும்புவோரிடையேகூட அரிது.

புளூட்டார்க் இதைச் சொல்ல நேர்ந்ததோ ரோமானியத் தளபதி ஆண்டனியின் வரலாற்றில். கி.மு. 31இல் ஆக்டியம் போரில் தோற்று, நண்பர்களும் கைவிட்டபின், தாமும் தீமோனாகவே வாழ்வதென்று அலெக்சாந்திரியாவின் கடலோரத்தில் தனிவீடு எழுப்பி, அதற்குத் 'தீமோனியம்' என்று பெயரும் சூட்டிய அவர், சில காலத்திலேயே அதைவிட்டுக் கிளியோபாத்ராவின் அரண்மனைக்குத் திரும்பி, நகரையே விருந்துக்கு அழைத்தார்.