நாலாவது கியர் விழாத கதை

அன்புள்ள மாமாவுக்கு,

கனடாவின் ஸ்கார்பரோவில் இன்றைக்கு மைனஸ் 18. தூத்துக்குடி உப்பளத்தில் நீங்கள் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டுகிற பண்டத்தை, இங்கே பனி உருகுவதற்காக ரோட்டில் கொட்டுகிறார்கள். பார்த்தால் உங்களுக்கு வயிறு எரியும்.

கார் வாங்கிவிட்டேன். 1998 மாடல், ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. இடது கால் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்து வருகிறது. கியர் மொத்தம் நாலு. நாலாவதுக்கு ஓவர்டிரைவ் என்று பெயர். இன்ஜின் 7 சுற்று சுற்றினால் கியர்பாக்ஸ் 10 சுற்றாகக் கொடுக்கும். பெட்ரோல் மிச்சம்.

நமக்கு வாய்த்த காரில் அது விழவே இல்லை மாமா. 401 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆர்பிஎம் முள் 3100-ல் நின்றுகொண்டு, லோடு லாரி மேடு ஏறுகிற சத்தம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கணும், 2,800 டாலர் என்றார்கள். 1899 வாக்கில் நம்ம ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் முதுமக்கள் தாழி தோண்டிய தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீக்குப் பொன் பட்டம் கிடைத்தது. இவர்கள் தோண்டினால் கிடைக்கப்போவது என் சம்பளம்.

அப்புறம் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். கியர் லீவரில் ஒரு பட்டன் உண்டு. அதைத் தெரியாமல் அமுக்கி வைத்திருந்தாலும் ஓவர்டிரைவ் வராது, டாஷ்போர்டில் விளக்கு எரியும். அண்ணன் பார்த்தார், எரியவில்லை. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயிலை வெள்ளைத் தாளில் தொட்டு, அத்தை நெய் வாங்கும்போது பார்ப்பாளே, அப்படி மோந்து பார்த்தார். சிவப்பாகத்தான் இருந்தது, கருகல் வாடையும் இல்லை.

"தம்பி, ஹீட்டர் சூடா வருதோ?"

ஒரு மாசமாகக் குளிர்காற்றுதான் என்றேன்.

"எஞ்சின் சூடாகாட்டி கொம்பியூட்டர் நாலாம் கியருக்கு விடாது. தேர்மோஸ்டாட் திறந்தபடி நிக்குது. கியர்பொக்ஸில ஒரு பிழையும் இல்லை."

80 டிகிரி வாக்கில் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டிய சாமான், எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருந்திருக்கிறது. வெப்பமுள் அடியிலேயே கிடந்ததை நானும் தினம் பார்த்தேன். வண்டி கொதிக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டேன். நம்ம ஊர் வெயிலில் ஓட்டப் பழகியவனுக்கு வேறென்ன தோன்றும்?

45 டாலரோடு போயிற்று. மறுநாள் அதே 401, அதே வேகம், முள் 2200.

படம் அனுப்பியிருக்கிறேன். உப்பு தின்ற கதவு தெரியாத பக்கமாகப் பார்த்து எடுத்தது. அத்தையிடம் புதுக் கார் என்றே சொல்லிவையுங்கள்.