ரப்பர் தவளையும் நம்மூர் விராலும்

வாங்க மாப்ளே. பெங்களூர்ல இருந்து நம்ம கண்மாய்க்கு விரால் பிடிக்க வந்திருக்கீக. கையில பளபளன்னு ராடு, பையில ரப்பர் தவளை. நம்ம விராலு இதுவரைக்கும் நெசத் தவளையைத்தான் தின்னுருக்கு. பாவம், அதுவும் கொஞ்சம் நாகரிகம் பழகட்டும்.

எங்க வீசணும்னு கேட்டீகள்ல? அந்தா, அல்லிக்கொடி ஓரம், முழங்கால் தண்ணியில செக்கச்செவேல்னு கொப்புளிக்குதே, அது விரால் பார்ப்பு. புல்லை விலக்கி எடம் பண்ணி, முட்டையை மேலாக்க மிதக்க விட்டு, ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிச்ச குஞ்சுக. கூட்டமா மேல வந்து ஒரு வாய் காத்தைக் குடிச்சிட்டு உள்ள போகுது பாருங்க. அதுக்குக் கீழதான் அப்பன் காவல் நிக்கும். ஆத்தாளும் பக்கத்துலதான் திரிவா. பசிக்காகக் கடிக்காது மாப்ளே. புள்ளையத் திங்க வந்துட்டான்னு கடிக்கும். தப்பவே தப்பாது. அங்கயே வீசுங்க! உங்களுக்கு ஒரு போட்டோ, கெளுத்திக்கும் கொக்குக்கும் பந்தி.

பிடிச்சதைத் தண்ணிக்குள்ளயே அமுக்கி வச்சா உசுரோட கெடக்கும்னு மட்டும் நெனச்சிராதீக. செவுளுக்கு மேல அதுக்குத் தனியாக் காத்தறை இருக்கு. மேல வர விடலேன்னா மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீனைத் தண்ணியில முக்கிக் கொன்ன மாப்ளைன்னு ஊர் பேசும், எங்களுக்கும் கௌரவம்தானே?

1793-ல பெர்லின்ல ப்ளாக்னு ஒரு வைத்தியரு, தலை பாம்பு மாதிரி இருக்குன்னு லத்தீன்ல பேரு வச்சாராம். நம்மாளுக அதுக்கு முன்னாடியே கொழம்பு வச்சிட்டாக.

கண்மாய் வத்தினா சகதிக்குள்ள பொதைஞ்சு, ஈரம் இருக்கிற மட்டும் மாசக்கணக்காக் கெடக்கும். மழை பேஞ்சா ஈரத்தரையில நெளிஞ்சே அடுத்த குட்டைக்குப் போயிரும். அம்புட்டுக்கும் தப்பிச்சது, உங்க ரப்பருக்கா தப்பிச்சிரப் போகுது?

பார்ப்பு வளந்து கலைய ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அம்புட்டு நாளு லீவு இல்லையா? அப்ப மேலக்கரைக்குப் போங்க, ஜிலேபி மண்டிக் கெடக்கு. அதுவும் உங்களை மாதிரி வெளியூர்ச் சரக்குதான், எம்புட்டுப் பிடிச்சாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாக. மண்புழு போதும். அந்தத் தவளையை அத்தைகிட்டக் குடுத்துட்டுப் போங்க, பேரன் தொட்டியில விட்டு வெளையாடுவான்.