வேலி போடும் மேயர்

நகரம் கட்டும் கணினி விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கி, அதில் நகரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கட்டுகிறவர் ஒருவர் உண்டு. விளையாட்டு இவரை மேயர் என்று மரியாதையாக அழைத்து, வானுயர் கோபுரங்கள், மெட்ரோ ரயில், விமான நிலையம், அணுமின் நிலையம் என்று சீர்வரிசை பரப்பி வைக்கும். இவர் ஒன்றையும் தொடமாட்டார். இவர் ஆளும் ஊரில் பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள், ஒரு தேவாலயம், ஓர் ஓடை, ஒரு வண்டி போனால் எதிர்வண்டி காத்திருக்க வேண்டிய பாலம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வயலைச் சுற்றி வேலி. வேலியில் ஏழாவது கம்பம் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு ஒரு முழு மாலைப்பொழுது செலவாகியிருக்கும்.

இந்த விளையாட்டு வகை பிறந்ததே இப்படி ஒரு பராக்கில்தான். 1984-இல் வில் ரைட் ‘ரெய்ட் ஆன் பங்லிங் பே’ என்ற போர் விளையாட்டை உருவாக்கினார். ஹெலிகாப்டரில் பறந்து எதிரியின் தீவுகளில் குண்டு போட வேண்டும். அந்தத் தீவுகளை வரைய ஒரு கருவி செய்திருந்தார். குண்டு போடுவதைவிடத் தீவு வரைவதில்தான் அவருக்கு மனம் லயித்தது. அந்தக் கருவி வளர்ந்து 1989-இல் சிம்சிட்டி ஆயிற்று. ஆக, கொடுத்த வேலையை விட்டுவிட்டு ஓரத்தில் கிடக்கும் சாமானை எடுத்து விளையாடுவது இந்தக் குலத்தின் பிறவிக் குணம்.

சிம்சிட்டியை உருவாக்கிய மேக்சிஸ் நிறுவனம் 1993-இல் சிம்ஃபார்ம் என்று விவசாயத்துக்கென்றே ஒரு விளையாட்டும் வெளியிட்டது. இவருக்காகவே செய்தது போலிருக்கும். ஆனால் இவர் அதைச் சீந்துவதில்லை. அதில் விதைக்க வேண்டும், பூச்சி அரிக்கும், வானிலை கெடுக்கும், வரவு செலவு பார்க்க வேண்டும். இவருக்கு வேண்டியது வயல், விவசாயம் அல்ல.

இந்த ஆசைக்குக் கணினிக்கு முந்தைய வம்சாவளியும் உண்டு, அதுவும் ராஜ வம்சாவளி. பிரான்சின் அரசி மேரி அன்டோனெட், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலேயே தமக்கொரு கிராமம் வேண்டுமென்றார். ரிஷார் மீக் என்ற கட்டடக் கலைஞர் 1783-இல் வேலையைத் தொடங்கினார். ஏரி, ஆலை, பால்பண்ணை, கூரை வீடுகள் எல்லாம் எழுந்தன. புது வீடு புதிதாகத் தெரிந்தால் கிராமக்களை போய்விடுமே! சுவரில் விரிசல் தானாக விழும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் விரிசலைத் தீட்டி வைத்தார்கள். இங்கிலாந்தின் டார்செட்டில் மில்டன் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய மாளிகைக்குப் பக்கத்திலிருந்த பழைய ஊர் கண்ணை உறுத்தியது. ஊரையே பெயர்த்தெடுத்து, 1780-ஐ ஒட்டி, பார்வையில் படாத ஒரு பள்ளத்தாக்கில் ஒரே அச்சு வீடுகளாக வைத்துவிட்டார். மில்டன் ஆபஸ் என்ற அந்த ஊர் இன்றும் அழகாகத்தான் இருக்கிறது. பெயர்க்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. நம் மேயருக்கு இதே வேலையை மவுஸின் ஒரு சொடுக்கில் செய்து கொடுக்கும், விளையாட்டோடு ஒட்டிச் சேர்க்கிற துணைநிரலுக்கு ‘மூவ் இட்’ என்று பெயர்.

வம்சத்தில் மிக நெருங்கிய உறவு, 1929-இல் பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கில ஊரின் வீட்டுத் தோட்டம் ஒன்றில் திறக்கப்பட்ட பெக்கன்ஸ்காட் பொம்மைக் கிராமம். காலத்துக்கு ஏற்ப அதிலும் புதுக் கட்டடங்கள் புகுந்தன. 1990-களின் தொடக்கத்தில் நிர்வாகத்தினர் யோசித்து, கடிகாரத்தைத் திருப்பி, 1930-களிலேயே ஊரை நிறுத்திவிட்டார்கள். இந்தச் செய்தியை நம் மேயரிடம் சொன்னால் கண் கலங்குவார்.

கணினியில் இவருடைய பாடு எளிதாக இருக்கவில்லை. 2003-இல் வந்த சிம்சிட்டி 4-இல் நிலம் முழுவதும் 16 மீட்டர் சதுரக் கட்டங்கள். தொழிற்பகுதிகளிலேயே அடர்த்தி குறைந்ததற்கு விவசாயம் என்று பெயர். கலப்பையை ஆலைக்கு ஒன்றுவிட்ட தம்பியாகத்தான் அந்த விளையாட்டு பார்த்தது. வயலெல்லாம் சதுரம். அமெரிக்க ஊர் கட்டுகிறவர்களுக்கு இதில் குறையில்லை. 1785-இன் நிலச்சட்டம் புதுநிலத்தையெல்லாம் ஆறு மைல் சதுரங்களாக அளக்கச் சொன்னதால், அயோவாவை வானத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே சிம்சிட்டி போலத்தான் இருக்கும். பிரான்சின் நார்மண்டியைக் கட்ட நினைத்தவர்கள் தொலைந்தார்கள். அங்கே வயல்களைப் பிரிப்பவை மண்கரை மேல் வளர்ந்த உயிர்வேலிகள். அவற்றில் ஒன்றுகூட நேராக ஓடாது. நேர்கோட்டை மறைக்க மரமும் புதரும் ஒவ்வொன்றாக நட்டுத் தீர்த்தார்கள். நட்டவர்களில் சிலர் இருபது ஆண்டு கடந்தும் அந்த விளையாட்டை விடவில்லை.

2015 மார்ச்சில், பின்லாந்தின் தாம்பரே நகரத்திலுள்ள கொலாசல் ஆர்டர் நிறுவனம் ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டைக் கொண்டுவந்தது. சாலை வளைந்து போகலாம் என்றது அது. போதாக்குறைக்கு, யார் வேண்டுமானாலும் மரம், வீடு, துணைநிரல் எல்லாம் செய்து சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. மேயரின் பொற்காலம் அன்று தொடங்கியது.

கிராமம் கட்டும் முறைக்கு எழுதாத சாஸ்திரம் ஒன்று இருக்கிறது. முதலில் மண்: மேடு, பள்ளம், தண்ணீர் வடியும் போக்கு. பிறகு ஓடை. ஓடை சொன்னபடி சாலை. சாலைக்கு முன்பே வயல் வரப்புகள் இருந்தன என்ற பாவனையில் வரப்புகள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வீடு. விளையாட்டோ தலைகீழ் சாஸ்திரம் பேசும்: முதலில் சாலை, அதன் இருபுறமும் எட்டு மீட்டர் கட்டங்களாக நான்கு கட்ட ஆழத்துக்கு மனை, மனையில் தானாக முளைக்கும் வீடு. எந்தப் பண்ணை வீடும் பேருந்துக்குக் காத்து நிற்பது மாதிரி சாலையோரம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து, நூறு மீட்டர் உள்ளே தள்ளி, வடகிழக்காகக் கொஞ்சம் திருப்பி, தொழுவத்தை அதற்குச் செங்குத்தாக வைத்து, செங்குத்து கூடாதென்று மறுபடி கலைத்து வைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எதுவும் நேராக இருக்கக் கூடாது, எதுவும் புதிதாகத் தெரியக் கூடாது என்பவை இவருடைய இரு கட்டளைகள்.

இவர் கைவண்ணத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒரு வயலின் நுழைவாயிலைப் பார்க்க வேண்டும். இரும்புக் கதவு ஒன்று, பாதி திறந்திருக்கும். கதவடியில் டிராக்டர் திரும்பித் திரும்பிக் கிளறிய சேறு. சேற்றில் இரண்டு சக்கரத் தடங்கள். தடங்களுக்கு நடுவே மட்டும் புல். கதவு தொட முடியாத மூலையில் காஞ்சொறிச் செடிகள், ஏனென்றால் அங்கே மாடு மேயாது, அரிவாளும் எட்டாது. பக்கத்தில், யாரோ வீட்டிலிருந்து தூக்கிப்போட்ட பழைய குளியல் தொட்டி. இங்கிலாந்தில் பல மேய்ச்சல் நிலங்களில் மாடு தண்ணீர் குடிப்பது அதில்தான். அந்தத் தொட்டியைத் தேடி ஆயிரக்கணக்கான பொருள்கள் கொண்ட பட்டியலில் இரண்டு இரவு அலைந்திருப்பார். கிடைத்தது பளிச்சென்ற வெள்ளையாக இருந்ததால் அதைத் துருப்பிடிக்க வைக்க மூன்றாவது இரவு. விளையாட்டின் வழக்கமான உயரத்திலிருந்து பார்த்தால் இந்த நுழைவாயில் கடுகளவு தெரியும்.

வரலாற்றுப் பிழை இவருக்குப் பொறுக்காது. ஊர் 1950-களின் ஊர் என்று முடிவு செய்துவிட்டால், உருளை வடிவ வைக்கோல் கட்டு ஒன்று வயலில் கிடந்தாலும் அகற்றிவிடுவார். ஆளுயர உருளை கட்டும் இயந்திரத்தை அமெரிக்காவின் வெர்மீர் நிறுவனம் 1971-இல்தானே கொண்டுவந்தது! நெப்ராஸ்காவின் வட்ட வயல்கள் வட்டமானது ஏன் என்று கேட்டால், நீர்க்குழாயை ஒரு மையத்தைச் சுற்றிச் சக்கரங்களில் நகர்த்தும் முறைக்கு ஃபிராங்க் சைபாக் 1952-இல் காப்புரிமை பெற்ற கதையைச் சொல்வார். கியூபெக்கில் ஒவ்வொரு குடியானவருக்கும் ஆற்றங்கரை கிடைக்க வேண்டுமென்று நிலத்தை நாடா நாடாவாகக் கிழித்தது தெரியும். இவ்வளவையும் கற்றது செயற்கைக்கோள் படத்திலிருந்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் எட்டாவது மாடியிலிருந்து இறங்கி வயலில் கால் வைத்தவரா என்று கேட்பது அநாகரிகம். வீட்டு பால்கனியில் ஒரே ஒரு தொட்டிச்செடி வாடிக் கிடக்கும். அதன் காய்ந்த இலையைப் பார்த்துத்தான் அக்டோபர் மாத மரங்களுக்கு நிறம் தேர்ந்திருப்பார்.

மேயர் என்ற முறையில் இவருடைய பெரிய பகை வளர்ச்சி. விளையாட்டு ஊர்களுக்குப் படி வைத்திருக்கிறது: சின்னக் குக்கிராமத்தில் தொடங்கி, கிராமம், சிற்றூர், நகரம், மாநகரம், பெருமாநகரம் என்று மக்கள்தொகை ஏற ஏறப் பட்டம் கிடைக்கும். இவர் முதல் படியில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். ஆனால் படுக்கவிடாது. பள்ளிக்கூடம் வைத்தால் நிலமதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் ஓட்டு வீடு ஒருநாள் தானாகவே இடிந்து புது வீடாக எழும். முற்றத்தில் அடுக்கிய விறகு போய் அங்கே கார் நிற்கும். இதைத் தடுக்க ஒரு துணைநிரல். குப்பை வண்டி வரவில்லை, பிணவண்டி வரவில்லை என்று வீட்டுக் கூரைகள் மேல் சின்னங்கள் மின்னும். அவற்றை மறைக்க ஒன்று. குடிமக்களின் புலம்பலைச் சுமந்து திரையின் உச்சியில் சிர்ப்பர் என்ற நீலக்குருவி கூவும். அதன் வாயைக் கட்ட ஒன்று. பணம் தீரக் கூடாதென்று விளையாட்டோடே வரும் வரம்பற்ற பணம் என்ற வசதியையும் போட்டுக்கொள்வார். வற்றாத கஜானாவைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டை விழுந்த கூரையும் இடிந்த மதிலும் கட்டிய ஆட்சியாளர் உலக வரலாற்றில் இவர் ஒருவரே. கடைசியில் எல்லாத் தொல்லைக்கும் ஒரே மருந்தாகக் காலத்தையே நிறுத்தி வைத்துவிடுவார். பல கிராமங்களில் கட்டி முடித்த நாள் முதல் ஒரு நொடிகூட ஓடியதில்லை.

“ஊர்ல ஒருத்தரையும் காணோமேப்பா?” என்று வீட்டுப் பிள்ளை கேட்கும்.

“எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க.”

“வயல்லயும் யாரும் இல்லையே?”

“அது சாப்பாட்டு நேரம்டா. போய்ப் படி.”

இவருக்கு நேரெதிர் துருவம் ஒன்று உண்டு. சிம்சிட்டி 3000-இல் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த கட்டடக்கலை மாணவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தாளில் கணக்குப் போட்டு, சாலையே இல்லாமல் சுரங்க ரயிலை மட்டும் வைத்து, 60 லட்சம் பேரை ஒரே வரைபடத்தில் அடைத்தார். 2010-இல் மாக்னசாந்தி என்ற அந்த நகரத்தைப் பார்த்து உலகம் வாய்பிளந்தது. மேயரும் வரம்பை முட்டியவர்தான், மரத்தில். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸில் 2,62,144 மரங்களுக்கு மேல் நட முடியாது. சாதாரண ஆட்டக்காரர் வாழ்நாளில் இந்த எண்ணைச் சந்திக்கமாட்டார். இவர் ஊரில் குடித்தனம் கையால் எண்ணிவிடலாம், மரம் தீர்ந்துவிடும். வரம்பை நீக்கவும் துணைநிரல் உண்டு. நீக்கியபின் கணினி மூச்சுவிடத் திணறும். ரேம் கூட்டுவார், கிராஃபிக்ஸ் கார்டு மாற்றுவார். இயந்திரம் முழு வேகத்தில் இரைந்து, அறை சூடேறி, அரைமணி காத்திருந்த பிறகு திரையில் தெரிவது ஒரு தரிசு நிலம்.

அறுவடை என்பது ஸ்கிரீன்ஷாட். மூடுபனி, தாழ்ந்த வெயில், நீண்ட நிழல். இவை மூன்றும் கூடிவரும்வரை கேமராவைத் திருப்பித் திருப்பி வைப்பார். படத்தைச் சக மேயர்களுக்குக் காட்டும்போது தலைப்பெல்லாம் பெரிதாக இருக்காது. ‘செவ்வாய்க்கிழமை’ என்று இருக்கும். பார்த்தவர்கள் பாராட்டுவார்கள். ஒருவர் மட்டும், அந்த வட்டாரத்து வேலியில் அந்த மரம் வளராதே என்பார். அன்றிரவு நாலாயிரம் மரங்கள் மாறும். இந்த மேயர் வகையில் உட்பிரிவுகளும் உண்டு: கிளை ரயில் பாதை இல்லாமல் ஊரே இல்லை என்பவர், பாழடைந்த ஆலை இருந்தால்தான் நிறைவு காண்பவர், எல்லா ஊரிலும் மழை பெய்ய வைப்பவர். மூவரும் ஒருவரையொருவர் மதிப்பதில்லை.

2023 அக்டோபரில் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் மரங்கள் கன்றாக நின்று, வளர்ந்து, முதிர்ந்து, பட்டுப்போகவும் செய்கின்றன. நிலத்தின் எல்லையை வேண்டிய வடிவத்தில் இழுத்துவிட்டால் விளையாட்டே உழுத வயலை நிரப்பிக் கொடுக்கிறது. ஒரு மாத வேலை ஒரு நிமிடத்தில் முடிகிறது. மேயர் இதை இரண்டு நாள் பார்த்தார். வயல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலிக் கம்பம் சாயவில்லை என்று சொல்லிவிட்டார். முதல் பாகத்தில் கட்டிய ஊர் இரண்டாவதில் திறக்காது என்பதும் தெரிந்தவுடன் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்.

இவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், திரையைக் காட்டும்போது மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள். எந்தக் கட்டடம் உயரமானது என்பதும் வேண்டாம். வாய்க்கால் ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று கேட்கலாம். மறுநாள் விடுமுறையாக இருந்தால் மட்டும் கேளுங்கள்.