லோடு ஏறாத மரங்கள்

காணையில் பிறந்தவனுக்கு ஒருநாள் டூர் என்றால் செஞ்சிக் கோட்டைதான். ராஜகிரியில் பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டு இறங்குவது எங்கள் வீட்டுப் பரம்பரை வழக்கம். 2025-ல் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, குரங்குகளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அத்தைக்கு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததிலிருந்து மலைப் பேச்சையே எடுக்க முடியவில்லை.

“ஏறாத எடமா ஒண்ணு சொல்லுங்க மாப்ளே” என்றார் மாமா.

“திருவக்கரையில கல்மரப் பூங்கா இருக்குது மாமா. எல்லாம் தரையோட தரையா இருக்கும்” என்றேன்.

பூங்கா என்று சொன்னதுதான் தப்பு. பையன் ராட்டினத்துக்குத் தயாராகிவிட்டான். மனைவி, புல்தரையில் விரிக்கப் பாய் எடுத்துக்கொண்டாள். அத்தை பெரிய தூக்கு நிறையப் புளிசோறு கட்டினார். மரப் பூங்காவுக்குப் போகிறவனுக்குக் குடை எதற்கு என்று, எடுத்த குடையைத் திரும்ப ஆணியில் மாட்டிய புத்திசாலி நான்.

விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டில் திரும்பி, மயிலம் முருகனுக்கு வேனில் இருந்தபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மே மாதத்துப் பத்தரை. செம்மண் தரை அடுப்புக்கல் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. மரங்கள் இருந்தன. எல்லாம் படுத்திருந்தன. நின்றால்தானே நிழல்?

“தூங்குதாப்பா?” என்றான் பையன்.

“செத்துப் போச்சுடா.”

“எப்போ?”

“ரெண்டு கோடி வருசத்துக்கு முன்னாடி.”

“அப்போ காரியமெல்லாம் முடிஞ்சிருக்கும்” என்றார் அத்தை.

முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வந்திருந்தேன். அதை வீணாக்கக் கூடாது என்று ஆரம்பித்தேன். பூங்காவின் பரப்பு சுமார் 247 ஏக்கர். கல்லாகிப் போன மரங்கள் 200 போலக் கிடக்கின்றன. 1781-ல் சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைப் பற்றி எழுதினார். இன்றைக்கு இது தேசிய புவியியல் நினைவுச்சின்னம்; இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பார்த்துக்கொள்கிறது. எங்கேயோ நின்றிருந்த மரங்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலுக்கடியில் புதைத்தது. காற்றுப் படாததால் கட்டை மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, மரம் இருந்த இடத்தில் கல் உட்கார்ந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தால் கேட்க ஆள் இல்லை. மனைவி பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். அத்தை, ஊறுகாய் ஜாடி மூடிமேல் வைக்கத் தோதாக ஒரு துண்டுக் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார். காவலாளி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. “கீழ போட்டுடும்மா, அதுவும் கணக்குல இருக்குது” என்றார். அத்தை போட்டார். கூடவே, கோயில் அர்ச்சனைக்கு முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயும் விழுந்தது.

மாமா மட்டும் குத்துக்காலிட்டு ஒரு அடிமரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடமாகச் சவுக்குத் தோப்பு பேசி வெட்டுகிறவர். தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு டன் சொல்வார். எடைமேடையில் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை வித்தியாசம்தான் வரும். அப்படிப்பட்டவர் அந்தக் கல்லை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். வெட்டுமுகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வளையங்களை எண்ணப் பார்த்தார். தேன் நிறத்தில், நடுவில் கருத்து, ஒன்றுக்குள் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன.

“வைரம் பாஞ்ச கட்ட மாப்ளே” என்றார். இனி இதைவிட வைரம் பாய வழியில்லைதான். பிறகு சட்டென்று கேட்டார்: “பாத்தீங்களா? ஒண்ணுலயும் கெள இல்ல. பட்ட இல்ல. வேரும் இல்ல. கெள கழிச்சு, பட்ட உரிச்சு, லோடுக்கு ரெடியா போட்டிருக்கான். லாரிதான் வரல.”

எனக்குச் சுருக்கென்றது. மரங்கள் இங்கேயே முளைத்தவை அல்ல, அடித்து வரப்பட்டவை என்பதற்கு நிபுணர்கள் காட்டும் அடையாளம் இதேதான். நான் அதை ராத்திரி பதினொரு மணிவரை விழித்துப் படித்தேன். இவர் உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டார். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரம் இருக்கிறது, அதற்கு வயது 12 கோடி என்று சொல்லி மானத்தை மீட்கப் பார்த்தேன். “அதுவும் படுத்துதான் கெடக்குதா?” என்றார். ஆமாம் என்றேன். “நெனச்சேன்.”

நடை சாத்துவதற்குள் திருவக்கரைக் கோயிலுக்கு ஓடினோம். சந்திரமௌலீசுவரர் மூன்று முக லிங்கம். ஆனால் பௌர்ணமிக் கூட்டமெல்லாம் வக்கிரகாளியம்மனுக்குத்தான். காதில் குழந்தையையே குண்டலமாகப் போட்டிருக்கும் அம்மன் எதிரே நின்றதும் அத்தைக்கு முழங்கால் வலி போய், குரல் வந்துவிட்டது. “சிலிக்காவாவது கிலிக்காவாவது! அதெல்லாம் வக்கிராசுரனோட எலும்புடா” என்றார் பேரனிடம்.

“எலும்புல ஏன் ஆயா மரத்துல இருக்கிற மாதிரி வளையம் இருக்குது?”

அத்தை என்னை முறைத்தார். நான் அம்மனைப் பார்த்தேன்.

சோற்றை ரோட்டோரப் புளியமரத்தடியில் பிரித்தோம். நின்றுகொண்டிருக்கிற, இலையுள்ள மரம். கல்லானவற்றில் புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்தவையும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் புளிசோறு இருந்ததால் பிழைத்தார்கள்.

கல் குவாரிகள் உள்ள பக்கம் அது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பையன் இருமினான். மனைவி தூக்கை மூடினாள். மாமா எச்சில் கையோடு எழுந்து நின்று, அந்த லாரி வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலி வண்டியா இருந்தா பேசிப் பாத்திருக்கலாம்” என்றார்.